அப்பாவின் துப்பாக்கிக்குத் துரு ஏற்றிய கதை

நவம்பர் கடைசியில் நன்றிநாள் விடுமுறைக்குக் கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்து, தோள்பையை இறக்கி வைப்பதற்குள் அப்பா என்னிடம் சிறுநீர் கேட்டார்.

கையில் மூடி போட்ட கண்ணாடி ஜாடி ஒன்று வைத்திருந்தார். அம்மா கோடையில் பீட்ரூட்டும் பீன்ஸும் ஊறப்போட்டு வைக்கிற அதே ஜாடி.

“எப்படிடா இருக்க கோரி? பஸ்ல கூட்டமா? இதுல கொஞ்சம் போயிட்டு வா.”

“உடம்புக்கு ஏதாவதாப்பா? டாக்டர் கேட்டாரா?”

“டாக்டர் எதுக்கு? துப்பாக்கிக்கு.”

துப்பாக்கிக்கு எப்போதிலிருந்து சிறுநீர்ப் பரிசோதனை செய்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. அப்பாவோடு வாழ்ந்தவர்கள் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை. இரண்டாவது கேள்விக்கு அவர் படம் வரைந்து பதில் சொல்வார்.

அப்பா, லமார் கிஸ்ட்லர், பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர். ஆலங்கட்டி மழையில் நசுங்கிய கார்களின் படங்களைப் பார்த்து, “இது பழைய நசுங்கல்” என்று எழுதி அனுப்புவது அவர் வேலை. மாலையானால் நிலவறைக்கு இறங்கி இருநூற்றைம்பது வருடம் பின்னால் போய்விடுவார். அங்கே மூன்று குளிர்காலமாக ஒரு சிக்கிமுக்கித் துப்பாக்கி செய்துகொண்டிருந்தார். விசையை இழுத்தால் கல் எஃகில் உரசிப் பொறி பறந்து, பொறி வெடிமருந்தில் விழுந்து, மருந்துக்கு மனசு இருந்தால் வெடிக்கிற வகை. எங்கள் பள்ளத்தாக்கில் இதில் அதிசயம் எதுவுமில்லை. ஒரு வயதுக்கு மேல் இங்கே ஆண்களில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு இது வரும். சர்க்கரை வந்தவர்களின் மனைவிகள் கொடுத்துவைத்தவர்கள்.

செய்வது பெரிதில்லை. பெயர் வெட்டுவதுதான் பெரிது.

வீட்டில் துப்பாக்கி செய்தவன் தன் பெயரைக் குழலின் மேல்பட்டையில் தன்னிஷ்டத்துக்குச் செதுக்கிக்கொள்ள முடியாது. அதற்கு நீலமலைச் சிக்கிமுக்கிச் சங்கம் ஒத்துக்கொள்ள வேண்டும். புத்தாண்டு நாள் மதியம், தீயணைப்புக் கூடத்தில், பன்றிக்கறியும் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் சாப்பிட்டு முடித்த பிறகு, துப்பாக்கியை மேசைமேல் வைத்து, எதை எதைக் கொண்டு செய்தான் என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும். எண்ணெய், பசை, சாயம் என்று பயன்படுத்தியதில் மிச்சம் இருப்பதையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அந்தக் காலத்தில் இல்லாத எதுவும் அதன்மேல் பட்டிருக்கக் கூடாது. சங்கத்தார் தலையாட்டினால் பெயர் வெட்டலாம். மூன்று வருடம் தொடர்ந்து தள்ளிவிட்டால் துப்பாக்கி கூடத்துக்குச் சொந்தமாகிவிடும். பெயரில்லாமல், ஆண்கள் கழிப்பறைக் கதவுக்கு மேலே மாட்டிவிடுவார்கள். அங்கே ஏற்கெனவே சில தொங்குகின்றன. அவற்றைச் செய்தவர்கள் இன்றும் சங்க உறுப்பினர்கள். மூன்று கோப்பை பியர் குடித்ததும் தலை குனிந்து அவற்றின் அடியில் நுழைந்து போவார்கள்.

அப்பாவை இரண்டு முறை தள்ளியாகிவிட்டது. முதல் வருடம் ஒரு திருகாணி: அதன் தலையில் கீறல் குறுக்கும் நெடுக்குமாக இருந்தது; அந்தக் காலத்துத் திருகாணிக்கு ஒரே கீறல்தான். இரண்டாம் வருடம் துப்பாக்கியின் மேப்பிள் மரக் கட்டையைச் சங்கத் தலைவர் எல்வுட் ஷான்ட்ஸ் தன் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். கண்ணை மூடினார். “மணல்தாள்” என்று ஒரே வார்த்தை சொன்னார். அப்பா ஒரு மூலையில், ஒரே ஒரு மூலையில், சுரண்டி எடுக்கப் பொறுமையில்லாமல் மணல்தாள் போட்டிருந்தார். எல்வுட் ஓய்வுபெற்ற பல் வைத்தியர். வாழ்நாள் முழுக்கப் பிறர் வாய்க்குள் எட்டிப் பார்த்த மனிதரிடம் எதையும் மறைக்க முடியாது.

இது மூன்றாவது முறை. மிச்சமிருந்தது குழலின் நிறம் மட்டும்.

குழல் பழுப்பாக இருக்க வேண்டும். சாயம் பூசக் கூடாது, துருதான் நிறம். இரும்பை வேண்டுமென்றே துருப்பிடிக்க விட்டு, தேய்த்தெடுத்து, மறுபடி துருப்பிடிக்க விட்டு, அதையே நாள்கணக்கில் செய்ய வேண்டும். இதற்குக் கடையில் ஒரு திரவம் விற்கிறது. சங்கத்தில் பெண்கள் முன்னால் அந்தத் திரவத்தைப் பற்றிப் பேசுவதில்லை. எல்வுட்டின் வழி வேறு: புளித்த சிறுநீர். வயசுப் பையனுடையதாக இருந்தால் உத்தமம்.

“உங்களோடதையே ஊத்த வேண்டியதுதானே?” என்றேன்.

“எனக்குப் பிரஷர் மாத்திரை இருக்கே. மாத்திரை கலந்தா நிறம் திட்டுத்திட்டா வருமாம். எல்வுட் சொன்னார்.”

“அந்தக் காலத்துல யாருக்கும் பிரஷர் இல்லையா?”

“இருந்திருக்கும். மாத்திரை இல்ல.”

படம் வரையப் பென்சிலை எடுத்தார். நான் ஜாடியை வாங்கிக்கொண்டேன்.

புளிக்க வெதுவெதுப்பு வேண்டும் என்று அப்பா அதைச் சமையலறை ஜன்னலோரம், வெந்நீர்க் குழாய்க்கு மேலே வைத்தார். காலை வெயில் அதன் வழியாகப் பாய்ந்து ரொட்டியின்மேல் மஞ்சளாக விழுந்தது. பார்ப்பதற்கு அழகாகத்தான் இருந்தது. அதுதான் அதில் மிகவும் அருவருப்பான விஷயம்.

அம்மா பெயர் ஆர்லீன். அவள் புளிக்கோஸுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு மரியாதை உண்டு. இலையுதிர்காலத்தில் முட்டைக்கோஸைச் சீவி, உப்பும் சீமைச் சோம்பும் போட்டுப் பெரிய மண்சாடியில் அமுக்கி வைப்பாள். அது நிலவறையில் தானாகப் புளித்துக் குமிழ்விட்டுக்கொண்டிருக்கும். புத்தாண்டன்று அதைச் சாப்பிடாதவனுக்கு அந்த வருடம் உருப்படாது என்று ஊரில் எல்லோரும் நம்புவதால், அவளை யாரும் பகைத்துக்கொள்வதில்லை. அப்பாவைத் தவிர.

“லமார், அது என்ன ஜாடி?”

“துப்பாக்கிக்கு.”

“அதான் என்னன்னு கேட்டேன்.”

அப்பா சொன்னார். அம்மா கையிலிருந்த முட்டையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“யாரோடது?”

“கோரியோடது.”

“என் பிள்ளையோடதா?” என்று என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் துக்கம் இருந்தது. பிரசவ வலி இதற்குத்தானா என்ற துக்கம். “லமார், இதே அடுப்புலதான் நீ போன மாசம் கரடிக் கொழுப்பு காய்ச்சின. என் அப்பக் கல்லுல. இன்னிக்கு வரைக்கும் அதுல அப்பம் சுட்டா ஏதோ செத்து எழுந்து வந்த மாதிரி நாறுது.”

“கட்டைக்குத் தேய்க்கக் கரடிக் கொழுப்புதான் சரி. எனக்கு ஒரு நாத்தமும் தெரியலையே.”

தெரியாது. சில வருடம் முன்பு ஊரெங்கும் பரவிய அந்தக் காய்ச்சலில் அப்பாவின் மூக்கு செத்துப்போனது. காபி, டீசல், செத்த எலி எல்லாம் அவருக்கு ஒன்று. மற்றவர்கள் இதை ஒரு குறை என்று நினைப்பார்கள். அப்பா அதைச் சங்கத்தில் சேர்வதற்கான தகுதியாக ஆக்கிக்கொண்டார்.

“நாத்தம் உனக்குத் தெரியாது. என்னைத் தெரியுமில்ல? அந்த ஜாடி இங்க இருந்தா நான் இங்க இருக்க மாட்டேன்.”

ஜாடி நிலவறைக்குப் போனது. அங்கே அலமாரியில் அம்மா எடுத்துவைத்திருந்த புளிக்கோஸ் தண்ணீர் ஜாடிகள் வரிசையாக இருந்தன. அப்பா அவற்றின் பக்கத்தில் இதையும் வைத்தார். அதே ஜாடி, அதே மூடி, ஏறக்குறைய அதே நிறம். அப்பா அதன்மேல் ஒரு சிவப்பு நூல் கட்டினார். விஞ்ஞானி.

நான் கல்லூரிக்குத் திரும்பி, கிறிஸ்துமஸுக்கு முன்னால் மறுபடி வந்தபோது குழல் வேலை நடந்துகொண்டிருந்தது. அப்பா கம்பளித் துணியை ஜாடியில் தோய்த்து, குழலைக் கைக்குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைப்பார். துணி துவைக்கும் மூலையின் ஈரக்காற்றில் தொங்கவிடுவார். மறுநாள் துரு பூத்திருக்கும். தேய்ப்பார். மறுபடி துடைப்பார். நான் கழுத்துத்துணியை மூக்குக்கு மேல் கட்டிக்கொண்டு படிக்கட்டின் உச்சியிலேயே நின்றேன். என்னிலிருந்து போன ஒன்றை ஒரு மாதம் கழித்து மறுபடி சந்திக்கிற ஆசை எனக்கு இல்லை.

ஒன்று மட்டும் விசித்திரமாக இருந்தது. அம்மா திட்டுவதை நிறுத்திவிட்டாள். அப்பா ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கும்போதெல்லாம் அவள் துணி மடித்துக்கொண்டே தேவாலயப் பாட்டை முணுமுணுத்தாள். ஒருநாள், “நல்லா ஊறட்டும் லமார்” என்றுகூடச் சொன்னாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் மனிதர்கள் உடைந்துபோகிற இடம் இதுதான்போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

நிறம் வந்தது. அதைப் பற்றி நான் கேலி பேச முடியாது. பல மணிநேரம் கிளறி இறக்கிய ஆப்பிள் களியின் நிறம். ஒரு திட்டு இல்லை, ஒரு கீறல் இல்லை. கட்டையில் மேப்பிளின் வரிகள் புலிக்குட்டியின் முதுகுபோல ஓடின. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கையில் வாங்க வேண்டும்போலிருந்தது. எதனால் அந்த நிறம் வந்தது என்று நினைவு வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“இந்த வருஷம் கதவுக்கு மேல போகாதுடா” என்றார். மேல்பட்டையில் பெயர் வரவேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார்.

புத்தாண்டு அன்று தீயணைப்பு வண்டிகளை வெளியே பனியில் நிறுத்திவிட்டுக் கூடத்தில் நீள மேசைகள் போட்டிருந்தார்கள். அந்த வருடப் புளிக்கோஸ் முழுக்க அம்மாவுடையது. இரண்டு பெரிய தட்டங்கள் நிறைய. எல்வுட் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். தாடியில் ஒரு நார் தொங்கியது.

“ஆர்லீன், இந்த வருஷம் இதுல ஒரு தனி ருசி இருக்கு. உடம்புக்குள்ள இறங்குது” என்றார்.

“ஜாடித் தண்ணி கொஞ்சம் கூட ஊத்தினேன்” என்றாள் அம்மா.

இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கூடத்தில் இருந்த எல்லோரும் சிறிது நேரத்தில் அதை நினைவுகூர்ந்தார்கள்.

தட்டுகளை எடுத்துவிட்டு, மேசையைத் துடைத்து, துப்பாக்கியை வைத்தார்கள். அப்பா தேவாலயத்துக்குப் போடுகிற சட்டையில் நின்று படிப்படியாகச் சொன்னார். திருகாணி: தானே அராவியது. கட்டை: சுரண்டியது, மணல்தாள் படவில்லை. எல்வுட் மறுபடி கன்னத்தில் தேய்த்தார். இந்த முறை கண்ணைத் திறந்து, “ம்” என்றார். கரடிக் கொழுப்பு டப்பா கை மாறிக் கை போனது. யாரோ அதைத் தன் கையில் மிச்சமிருந்த ரொட்டியில் தடவப் பார்க்க, பக்கத்திலிருந்தவர் கையைத் தட்டினார்.

“குழல்?” என்றார் எல்வுட்.

“மூத்திரம்” என்றார் அப்பா, தலை நிமிர்ந்து. “என் பையனோடது. ஒரு மாசம் புளிச்சது.”

சங்கத்தார் மரியாதையோடு என் பக்கம் திரும்பினார்கள். என் இருபது வருட வாழ்க்கையில் இத்தனை பெரியவர்கள் ஒரே நேரத்தில் என்னை மதித்தது அதுதான் முதல்முறை.

எல்வுட் சிவப்பு நூல் கட்டிய ஜாடியைத் திறந்தார். முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு, நான் சாகும்வரை மறக்க முடியாதபடி, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் துழாவி எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளையாக, மெல்லியதாக, ஒரு நார். அதில் ஒரு சோம்பு விதை ஒட்டிக்கொண்டிருந்தது.

“லமார்,” என்றார் நிதானமாக, “உன் பையன் முட்டைக்கோஸாவா ஒண்ணுக்குப் போறான்?”

எல்லோரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள். சில பார்வைகள் கீழேயும் போயின.

“இது புளிக்கோஸ் தண்ணி.” எல்வுட் ஜாடியை மேசையில் வைத்தார். “மூத்திரமே இல்ல.”

அப்பா ஜாடியை எடுத்து மூக்கில் வைத்தார். அவருக்கு அது காற்று. “இல்லையே. சிவப்பு நூல் இருக்கே. அலமாரில ஆர்லீனோட கோஸ் ஜாடிங்க பக்கத்துலயே வச்சிருந்தேனே, நூல் கட்டித்தானே…”

மாலன் ரெப்பர்ட் என்று ஒருவர், எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர், எதையும் கடைசியாகப் புரிந்துகொள்கிறவர். அன்றைக்கு முதலில் புரிந்துகொண்டார்.

“பக்கத்துலயேவா? ஒரே மாதிரி ஜாடியா?”

“ஆமா.”

“அப்போ கோஸ் தண்ணி துப்பாக்கிக்குப் போச்சு.”

“அப்படித்தான் எல்வுட் சொல்றார்.”

“அப்போ லமார்,” மாலனின் குரல் தேய்ந்தது, “மூத்திரம் எங்க போச்சு?”

யாரோ ஒருவருடைய கோப்பை கை தவறித் தரையில் விழுந்தது. நாற்பது தலைகள் ஒரே சமயத்தில் காலியான இரண்டு தட்டங்களின் பக்கம் திரும்பின. எல்வுட் தாடியில் தொங்கிய நாரைக் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தார்.

“உடம்புக்குள்ள இறங்குதுன்னு சொன்னீங்களே” என்றாள் அவர் மனைவி ஃபெர்ன்.

முதலில் எழுந்தவர் ஓடினார். அவர் ஓடியதைப் பார்த்து இன்னும் சிலர் ஓடினார்கள். கழிப்பறைக் கதவின் முன்னால் வரிசை கட்டியது. மேலே பெயரில்லாத துப்பாக்கிகள் ஆடின. நானும் இரண்டு தட்டு சாப்பிட்டிருந்தேன். மற்றவர்களுக்காவது அது அந்நியனுடையது. எனக்கு அந்த ஆறுதலும் இல்லை.

பரிமாறும் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். “எல்லாரும் கொஞ்சம் உட்காருங்க. அந்த ஜாடி என்ன ஆச்சுன்னு நான்…”

“ஆர்லீன், கொஞ்சம் பேசாம இரு,” என்றார் எல்வுட். “சங்கம் முடிவு பண்ணிட்டிருக்கு.”

அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

எல்வுட் நின்றபடி யோசித்தார். யோசனை அவர் நெற்றியில் ஓடுவதைப் பார்க்க முடிந்தது. ஜாடியில் இருப்பது கோஸ் தண்ணீர் என்றால், அவர் வயிற்றில் இருப்பது வேறு. ஜாடியில் இருப்பது சிறுநீர் என்றால், வயிற்றில் இருப்பது வெறும் கோஸ். உலகத்தில் அவ்வளவு எளிதாக ஒருவர் தன் வயிற்றைக் காப்பாற்றிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. ஜாடியை மறுபடி எடுத்தார். ஆழமாக முகர்ந்தார்.

“அவசரப்பட்டுட்டேன்,” என்றார். “இது மூத்திரம்தான்.”

விரலில் இருந்த நாரைக் கைக்குட்டையில் துடைத்து, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டார். ஜாடியை மாலனிடம் நீட்டினார். மாலன் முகர்ந்தார். அவர் முகத்தில் சந்தேகமில்லாமல் முட்டைக்கோஸ் தெரிந்தது.

“மூத்திரம்” என்றார்.

ஜாடி கை மாறியது. கழிப்பறை வரிசையிலிருந்தவர்களும் திரும்பி வந்து முகர்ந்தார்கள்.

“சந்தேகமே இல்ல, மூத்திரம்.”

“எங்க பண்ணைக் குதிரையோடது அச்சு அசல் இதே மாதிரிதான்.”

“வயசுப் பையன். நெடியே சொல்லுதே.”

“எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு.”

வளர்ந்த மனிதர்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்கள், வரி கட்டுகிறவர்கள், புளிக்கோஸ் தண்ணீரை முகர்ந்து முகர்ந்து அதைச் சிறுநீர் என்று சாட்சி சொன்னார்கள். சற்று முன்பு வந்த குமட்டல் எனக்கு அடங்கியிருந்தது. இப்போது வேறு ஒரு குமட்டல் வந்தது. அதற்குக் கழிப்பறை போதாது.

கடைசியில் எல்வுட் என்னிடம் வந்தார். “தம்பி, நீயே சொல்லு. இது உன்னோடதுதானே?”

அப்பா என்னைப் பார்த்தார். அவர் கட்டைவிரல் குழலின் மேல்பட்டையில், அந்த இடத்தில் இருந்தது. ஜாடியில் என்ன என்று தெரியாத ஒரே மனிதர் அந்தக் கூடத்தில் அவர்தான். தெரியாததால் பொய் சொல்லாத ஒரே மனிதரும் அவர்தான்.

“நிறம் என்னோடதுதான்” என்றேன்.

“போதும்” என்றார் எல்வுட். “பெயர் வெட்டிக்கோ லமார்.”

எல்லோரும் கைதட்டினார்கள், சிலர் வாயைப் பொத்திக்கொண்டிருந்ததால் ஒரு கையால். அப்பா வெளியே போய்ப் பனியில் நின்று, வழக்கப்படி ஒரு வெடி வெடித்தார். அழுகிய முட்டை நாற்றத்தோடு வெள்ளைப் புகை எங்கள்மேல் கவிந்தது. அன்றைக்கு அதுவரை முகர்ந்ததிலேயே நேர்மையான வாசனை அதுதான்.

வண்டியில் நான் பின்னால், துப்பாக்கி என் மடியில். பாலம் தாண்டியதும் அம்மா சொன்னாள்.

“நான்தான் கொட்டினேன்.”

“எதை?” என்றார் அப்பா.

“கோரி காலேஜுக்குப் போன அன்னிக்கே. சாக்கடைல. ஜாடியையும் குப்பைல போட்டுட்டேன். வேற ஜாடில கோஸ் தண்ணி ஊத்தி உன் சிவப்பு நூலை எடுத்துக் கட்டினேன். என் வீட்டு அலமாரில என் சாப்பாட்டுப் பக்கத்துல அது இருக்கறதா? எல்லாரும் சாப்பிட்டது சுத்தமான கோஸ். சொல்லத்தான் எழுந்தேன். பேசாம இருன்னார் அந்தப் பல்லுப்புடுங்கி. இருந்தேன்.”

அப்பா வண்டியை ஓரமாக நிறுத்தினார். இறங்கி, பின்கதவைத் திறந்து, என் காலடியில் இருந்த ஜாடியை எடுத்தார். மூக்குதான் செத்திருந்தது, நாக்கு உயிரோடு இருந்தது. மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தார். பனிக்கட்டி வழியில் ஒரு பால்வண்டி எங்களைக் கடந்து போனது.

“புளிக்குது” என்றார்.

“புளிக்கத்தானே செய்யும்.”

“நான் துடைக்கறத தினமும் பார்த்துட்டே இருந்தியா?”

“பார்த்தேன்.”

“சிரிச்சியா?”

“உன் முன்னால சிரிக்கல. மேல போயி சிரிச்சேன்.”

அப்பா ஜாடியை மூடிவிட்டு மறுபடி ஓட்ட உட்கார்ந்தார். பெயர் வெட்டமாட்டேன் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். பொய்யால் கிடைத்தது வேண்டாம் என்பார், எல்வுட் வீட்டுக்கு வண்டியைத் திருப்புவார் என்று நினைத்தேன். வண்டி நேராக எங்கள் வீட்டுக்குப் போனது. மறுநாள் காலை நிலவறையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. இறங்கிப் போனேன். உளிமுனை மேல்பட்டையில் கிஸ்ட்லரின் முதல் எழுத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது.

“விசைப் பூட்டை நான் அராவினேன்,” என்றார் அப்பா, நான் எதுவும் கேட்பதற்கு முன்பே. “கட்டை நான் செதுக்கினது. மூணு குளிர்காலமா என் கைத்தோல் இதுல போயிருக்கு. மூத்திரம் மட்டும்தான் பொய். அதுவும் என்னோடது இல்ல.”

நான் விளக்கைக் குழலுக்குக் கொஞ்சம் கிட்டே பிடித்தேன். வெட்டி முடித்தபோது பெயர் நன்றாகவே வந்திருந்தது; கடைசி எழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அம்மா வந்து பார்த்தாள். “சாய்ஞ்சிருக்கு” என்றாள். “எனக்குத் தெரியும்” என்றார் அப்பா. மேலே சமையலறையில், கரடிக் கொழுப்பு நாறிய அப்பக் கல்லுக்குப் பதிலாக அவர் வாங்கிவைத்த புதுக் கல் அடுப்பின்மேல் இருந்தது.

விடுமுறை முடிவதற்குள் எல்வுட் வந்தார். வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அங்கியின் பையிலிருந்து ஒரு காலி ஜாடி எட்டிப் பார்த்தது.

“லமார் குழல் நிறம் கண்ணுலயே நிக்குது” என்றார். “நானும் ஒண்ணு செய்ய ஆரம்பிச்சிருக்கேன். தம்பி இங்க இருக்கும்போதே…”

ஃபெர்ன் வண்டியில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா ஜாடியை வாங்கினாள். “கொஞ்சம் உட்காருங்க. கழுவிட்டுத் தரேன்” என்று நிலவறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது எல்வுட்டுக்கு முதுகைக் காட்டியபடி, துணி சுற்றிய ஜாடியை என் கையில் திணித்து, குளியலறைப் பக்கம் தாடையை அசைத்தாள். ஜாடி நிறைந்திருந்தது.

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். புளிக்கோஸ் தண்ணீர் நிறைந்த ஜாடியோடு தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, ஒரு நியாயமான நேரம் காத்திருந்தேன். வெளியே எல்வுட் அப்பாவிடம் வானிலை பேசிக்கொண்டிருந்தார். மரியாதைக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். வெளியே வந்தேன்.

எல்வுட் இரண்டு கையாலும் ஜாடியை வாங்கிக்கொண்டார். அடியில் ஒரு சோம்பு விதை உருண்டது. அவர் அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். ஜாடியின் கண்ணாடியில் நிலவறைக் குளிர் அப்படியே இருந்தது. அவர் விரல்கள் அதை உணர்ந்து ஒருகணம் நின்றன.

“ஜில்லுன்னு இருக்கே தம்பி.”

“குளிர்காலம்” என்றேன்.

“ஆமா,” என்றார் எல்வுட். “இந்த வருஷம் கடுமை.” ஜாடியை அங்கிக்குள், நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டு, பனியில் வழுக்கிவிடாமல் அடிமேல் அடி வைத்து இறங்கிப் போனார்.